பாக்ஸ்டின் பச்சையும் ஷனெலின் கம்பளியும்: பாரிஸ், லண்டன் நாட்குறிப்பு

திங்கள், பாரிஸ்

பாரிஸ் ஒபேராவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முன்வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் பின்பக்கம் போனேன். அங்கே பிளாஸ் தியாகிலெவ் என்று ஒரு சதுக்கம். சதுக்கம் என்று சொல்வதே அதிகம். பஸ்ஸும் காரும் திரும்புகிற முக்கு, அவ்வளவுதான். ஒரு பக்கம் ஒபேராவின் முதுகு, எதிரே கேலரி லஃபாயெத் என்கிற பிரம்மாண்டமான துணிக்கடை. அந்த ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. செர்கேய் தியாகிலெவ் ஆடியவர் இல்லை, படம் வரைந்தவரும் இல்லை. ஆட்களைச் சேர்த்தார், கடன் வாங்கினார், சண்டை போட்டார். பாலே ரூஸ் என்ற ரஷ்ய நடனக் குழுவை 1909இலிருந்து, 1929இல் வெனிஸில் சாகும்வரை நடத்தினார். பாக்ஸ்ட், பிகாஸோ, மத்தீஸ், ஷனெல் என்று அந்தக் குழுவுக்கு உடை வடிவமைத்தவர்களின் பெயரைச் சொன்னாலே மூச்சு முட்டும். மேடையிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து மேடைக்கும் அப்போது நடந்த கொடுக்கல் வாங்கலைத் தேடித்தான் வந்திருக்கிறேன்.

எனக்கு மயிலாப்பூரில் பரதநாட்டிய உடை தைக்கிற தொழில். விசிறி மடிப்புக்கு இஸ்திரி போட்டே பாதி வயது போய்விட்டது. அக்கா மகள் இங்கே வேலையில் இருக்கிறாள். தங்க இடம் இருக்கிறது என்றாள், டிக்கெட் போட்டுவிட்டேன். ராத்திரி அவள் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அன்றன்றைக்குப் பார்த்ததை எழுதிப் போடுகிறேன்.

ஒபேராவின் பளிங்குப் படிக்கட்டு, சரவிளக்கு, 1964இல் ஷகால் வரைந்த கூரை எல்லாம் அழகுதான். அவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு இந்தக் கட்டடத்து நூலக அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்தியிருக்கும் ஒரு பொருள்தான் மனதில் நின்றது: எம்மா லிவ்ரியின் உடையில் எரிந்தது போக மிஞ்சிய துண்டுகள். 1862 நவம்பரில், இந்தக் கட்டடம் திறப்பதற்கு முந்தைய பழைய ஒபேராவில் ஒத்திகை. எம்மாவின் பாவாடை காஸ் விளக்கில் பட்டுப் பற்றிக்கொண்டது. எட்டு மாதம் படுக்கையில் கிடந்து, இருபது வயதில் செத்துப்போனாள். துணியை ரசாயனக் கரைசலில் நனைத்துத் தீப்பிடிக்காமல் செய்யும் முறை அப்போதே இருந்தது. நனைத்தால் துணி விறைத்துக்கொள்ளும், வெள்ளை மங்கிவிடும்; அதனால் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். தொழில்காரியாக யோசித்தால் எனக்கு அது புரியாமலில்லை. எத்தனை பேர் என்னிடம் வந்து, "அக்கா, லைனிங் வேண்டாம், உடம்பு குண்டாகத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறார்கள்!

அந்தக் காலத்தில் மேடை உடை என்பது வெளியே சீமாட்டிகள் உடுத்தியதன் குட்டை வடிவம்தான். மேலே எலும்பு வைத்துத் தைத்த இறுக்கமான ரவிக்கை, கீழே அடுக்கடுக்காக மெல்லிய துணி. ஃபேஷன் முன்னால் போனது, மேடை பின்னால் வந்தது. அந்த வரிசையை மாற்றியது இதே கட்டடத்தில் 1910 ஜூன் 4ஆம் தேதி முதல்முறை ஆடப்பட்ட ஷெஹரஸாத்.

கதை ஆயிரத்தோரு இரவுகளிலிருந்து எடுத்தது. அரசன் வேட்டைக்குப் போவதாகப் போக்குக் காட்டுகிறான். அந்தப்புரத்துப் பெண்கள் காவல்காரனுக்குக் கைக்கூலி கொடுத்து அடிமைகளை உள்ளே வரவழைக்கிறார்கள். அரசன் திரும்பி வந்து அத்தனை பேரையும் வெட்டச் சொல்கிறான். இசை ரிம்ஸ்கி கார்ஸகோவ், நடனம் ஃபோகின். ஆனால் மறுநாள் ஊர் பேசியது அரங்கத்தையும் உடையையும் வடிவமைத்த லெயோன் பாக்ஸ்டைப் பற்றி. மேடைக்கு மேலே மலைபோல் தொங்கும் பச்சைத் திரை, அதில் நீலம், தரையில் செம்மஞ்சள் கம்பளம், எங்கு பார்த்தாலும் தலையணை. ஆடுகிறவர்களுக்குத் தொளதொளவென்று கால்சட்டை, தலைப்பாகை, முத்துச் சரம். வயிறு தெரிவதுபோல் தோல் நிறத்தில் மெல்லிய துணி. எதிரே பார்த்துக்கொண்டிருந்த பெண்களோ இடுப்பை இறுக்கிய கச்சையில், வெளிர் ஊதாவும் வெளிர் நீலமுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பச்சையையும் நீலத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது ரசனைக் குறைவு என்று அதுவரை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நம்மூர்ப் பட்டுக்கு அந்தச் சட்டம் எப்போதுமே தெரியாது. மயில்கழுத்துக்குப் பச்சை பார்டர் போட நாம் யாரிடம் கேட்டோம்?

சாயங்காலம் அப்படியே ரூ த லா பே வரை நடந்தேன். ஒபேராவின் முன்வாசலிலிருந்து கூப்பிடு தூரம். 13ஆம் எண்ணில் கார்த்தியே நகைக்கடை, 1899இலிருந்து இங்கேதான். அவர்களுடைய வடிவமைப்பாளர் ஷார்ல் ஜாக்கோ இந்த ரஷ்ய நடனங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்து, மரகதத்தையும் நீலக்கல்லையும் ஒரே நகையில் பதிக்கத் தொடங்கினார். பாக்ஸ்டின் பச்சையும் நீலமும் அப்படிக் கல்லாக மாறின. 3ஆம் எண்ணில் இருந்தது பாக்கான் அம்மையாரின் தையல் நிறுவனம். அவர் ஒரு படி மேலே போய் பாக்ஸ்டையே கூப்பிட்டு, 1912இல் தெருவில் போடுகிற உடைகளுக்குப் படம் வரையச் சொன்னார். மேடைக்காரர் வரைந்தார், கடைக்காரி தைத்தார். பேரம் நேர்மையானது.

செவ்வாய், பாரிஸ்

ரூ த ரிவோலியில் இருக்கும் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் 2025இல் போல் புவாரே என்ற ஆடை வடிவமைப்பாளருக்கு ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. நல்ல கூட்டம். அக்கா மகளும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

புவாரேவைப் பற்றி ஒரு பழைய வழக்கு இருக்கிறது. பெண்களின் இடுப்புக் கச்சையைக் கழற்றியது, அந்தப்புரக் கால்சட்டையைக் கொண்டுவந்தது, தலைப்பாகை கட்டிவிட்டது, எல்லாவற்றிலும் அவர் பெயர்தான் முன்னால் நிற்கும். ஆனால் அதெல்லாம் பாக்ஸ்டைப் பார்த்துச் செய்தது என்று ஊர் சொன்னது. மனுஷனுக்குக் கோபம். பாக்ஸ்ட் பாரிஸுக்கு வருவதற்கு முன்பே என் பெயர் நிலைத்துவிட்டது என்று தன் சுயசரிதையில் எழுதிவைத்தார். வெளிறிப்போன நிறங்களுக்கு நடுவே சிவப்பையும் பச்சையையும் அவிழ்த்துவிட்டதும் நான்தான் என்கிறார்.

தேதிகளைப் பார்த்தால் பாதி வழக்கு அவர் பக்கம்தான் ஜெயிக்கிறது. 1906 வாக்கிலேயே கச்சை இல்லாமல், மார்புக்குக் கீழே இடுப்பை வைத்து, துணி தோளிலிருந்து இறங்குகிறமாதிரி வெட்டத் தொடங்கிவிட்டார். ரஷ்யர்கள் வந்தது மூன்று வருஷம் கழித்து. தலைப்பாகையும் பாக்ஸ்டிடமிருந்து வந்ததில்லை. லண்டனில் சவுத் கென்ஸிங்டன் அருங்காட்சியகத்தில் இந்தியத் தலைப்பாகைகளைப் பார்த்துக் கிறங்கிப்போய், தன் தையற்கூடத்திலிருந்து ஒரு தேர்ந்த பெண்ணை அனுப்பி, மடிப்பு மடிப்பாகப் படியெடுக்க வைத்தார். சில வாரங்களில் பாரிஸ் சீமாட்டிகள் தலையில் அது ஏறிவிட்டது. நம் ஊர்க்காரர்கள் கட்டிக் கழற்றியதுதான் அது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

மறுபாதி வழக்கு அவருக்கு எதிராக நிற்கிறது. கால்சட்டை 1911இல் வந்தது. ஷெஹரஸாத் முடிந்த அடுத்த வருஷம். அதே 1911 ஜூன் 24ஆம் தேதி தன் மாளிகைத் தோட்டத்தில் 'ஆயிரத்து இரண்டாம் இரவு' என்று ஒரு விருந்து வைத்தார். முந்நூறு பேர். எல்லோரும் பாரசீக உடையில் வர வேண்டும். சாதா உடையில் வந்தவர்களுக்கு அங்கேயே அவர் தைத்துவைத்த உடை. போட மாட்டேன் என்றால் வாசலைப் பார்த்து நடக்க வேண்டியதுதான். தான் சுல்தான் வேஷம் போட்டு உட்கார்ந்துகொண்டு, மனைவி தெனீஸைத் தங்க நிறக் கூண்டில் அடைத்துவைத்து, விருந்தினர் கூடியதும் திறந்துவிட்டார். ஷெஹரஸாத் மேடையையே வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, எனக்கும் பாக்ஸ்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். "சித்தி, இது விருந்தா, துணிக்கடை விளம்பரமா?" என்றாள் அக்கா மகள். இரண்டும்தான். 1913இல் தெனீஸ் போட்டதைப்போன்ற, ஓரத்தில் கம்பி வைத்து விளக்கு மூடிபோல் விரிந்து நிற்கும் மேல்சட்டையைப் பாரிஸ் பெண்கள் கேட்டு வாங்கினார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: வெட்டு புவாரேவுடையது, துணிச்சல் பாக்ஸ்டுடையது. கண்ணாடிக்குள் நின்ற ஒரு மேலங்கியின் முன்னால் வெகுநேரம் நின்றேன். தையல் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. நீளமான துணியை மடித்து, கழுத்துக்கும் கைக்கும் வழிவிட்டு, பக்கவாட்டில் நேராக ஓட்டியிருக்கிறார். மார்புக்கு மடிப்புப் பிடிப்பது, இடுப்புக்கு வளைத்து வெட்டுவது ஒன்றுமே இல்லை. தையல் கூலி வாங்குகிறவர்களுக்குத் தெரியும், இப்படிச் சும்மா தொங்குவதுபோல் தெரிகிற துணியைத் தோளில் சரியாக நிற்கவைப்பதுதான் கஷ்டம்.

கச்சையை அவிழ்த்தவர் காலைக் கட்டினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1910 வாக்கில் அவர் கொண்டுவந்த பாவாடை கணுக்காலில் அவ்வளவு குறுகல். அடியெடுத்து வைக்க முடியாது. இதையும் அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். 1944இல் கையில் காசில்லாமல் செத்தார்.

மதியத்துக்கு மேல் ஷாத்லே தியேட்டர். 1909 மே 19ஆம் தேதி ரஷ்யர்கள் முதன்முதலில் பாரிஸில் பாலே ஆடியது இங்கேதான். அடுத்த மாதமே கிளியோபாத்ரா. இடா ரூபின்ஸ்டைனை மம்மியைப்போலச் சுற்றிக் கொண்டுவந்து, சல்லாத் துணியை ஒவ்வொன்றாக உருவ, கடைசியில் பாக்ஸ்டின் உடையில் நிற்கிறாள். சுற்றியிருந்த துணி வெறும் துணியில்லை, ஒவ்வொன்றும் ஒரு நிறம். 1912இல் இதே மேடையில் நீலக் கடவுள் என்று ஒரு பாலே போட்டார்கள். நம் கண்ணன் மாதிரி ஒரு தெய்வம், குழுவின் நட்சத்திர ஆட்டக்காரர் நிஜின்ஸ்கி உடம்பெல்லாம் நீலம் பூசிக்கொண்டு ஆடினார். கதை இந்தியா, உடையில் சயாம் அரண்மனை நடனத்தின் சாயல், நடனம் ரஷ்யா. ஓடவில்லை.

ஆனால் பாரிஸுக்கு நிஜமான தமிழ் நடனமே வந்திருக்கிறது. 1838இல் கடலூர்ப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகளும் வாத்தியக்காரர்களும் கப்பலேறி வந்து, மோன்மார்த்ர் புல்வாரில் இருக்கும் வரியெத்தே தியேட்டரில் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்ற பெண்ணைப் பற்றி எழுத்தாளர் தெயோஃபீல் கோத்தியே பக்கம் பக்கமாக எழுதினார், பார் என்ற சிற்பி வெண்கலத்தில் சிலையே செய்தார். கோத்தியே பிறகு சகுந்தலையை பாலேயாக எழுதிக் கொடுத்தவர். அந்தத் தியேட்டர் வாசல் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவர்களைப் பற்றி வெளியே ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை.

புதன், முலான்

பெர்சி நிலையத்தில் ரயிலேறினால் இரண்டரை மணி நேரத்தில் முலான். அலியே ஆற்றங்கரையில் சின்ன ஊர். 18ஆம் நூற்றாண்டில் குதிரைப் படைக்குக் கட்டிய கொட்டடியை 2006இல் மேடை உடைகளுக்கான தேசிய மையமாக மாற்றியிருக்கிறார்கள். பாரிஸ் ஒபேராவும் கொமெதி ஃப்ரான்செஸும் தேசிய நூலகமும் தங்கள் உடைகளை இங்கே கொடுத்துவைத்திருக்கின்றன, சுமார் பத்தாயிரம்.

பாக்ஸ்டைத் தேடி இங்கே வராதீர்கள். பாலே நட்சத்திரம் ருடோல்ஃப் நூரியெவின் உடைகளுக்கு வாருங்கள். அவருக்கென்று நிரந்தரமாகவே அறைகள் உண்டு. விளக்கை மங்கலாகத்தான் வைத்திருக்கிறார்கள், வெளிச்சம் பட்டால் துணி நைந்துபோகும். ஆண்கள் போடும் அந்தக் குட்டைச் சட்டையை நெருங்கிப் பார்த்தேன். ஜரிகையும் கல்லும் மேலே ஜொலிக்கிறது. அக்குளில் மட்டும் வேறு கதை. கையைத் தூக்கினால் சட்டை மேலே ஏறக் கூடாது என்பதற்காக வைர வடிவில் தனித் துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்கள். சட்டையின் கீழ் விளிம்பும் வழக்கத்தைவிட மேலே ஏறியிருக்கிறது, கால் நீளமாகத் தெரிய. நம் பரத ரவிக்கையில் நாங்கள் வைக்கிற துண்டும் இதுவும் அண்ணன் தம்பி. பட்டு என்பதால் நாங்கள் குறுக்கில் வெட்டிப் போடுவோம், அவர்கள் இழுபடும் துணியில் போட்டிருக்கிறார்கள்.

சொல்லப்போனால் நாங்கள் தைத்து விற்கிற பரத உடைக்கே பாலேயோடு சொந்தம் உண்டு. தியாகிலெவின் முதல் பாரிஸ் பருவத்தில் ஆடியவர் அன்னா பாவ்லோவா. பின்னால் தனிக் குழு வைத்து உலகம் சுற்றியபோது அவருக்கும் ருக்மிணி தேவிக்கும் பழக்கம் ஏற்பட்டது. ருக்மிணி தேவி பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் பாலேயே கற்றார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் பார் என்று பாவ்லோவா சொன்னது அவரைத் திருப்பிவிட்டது. 1935இல் அடையாறு பிரம்மஞான சபையில் மேடையேறியபோது, புடவையைச் சுற்றிக் கட்டும் பழைய முறையை விட்டு, கோயில் சிற்பங்களைப் பார்த்து அமைத்த புதிய உடை. அதைத் துணியில் கொண்டுவர உதவியவர் சபையில் இருந்த கஸான் என்ற இத்தாலியத் தையற்காரப் பெண்மணி. என் கடையில் தொங்குகிற தைத்த விசிறிக்குப் பாட்டி வழியில் ஒரு ஐரோப்பிய மேடை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு இந்தச் சட்டையைப் பார்க்கும்போது வேற்றாள் வீட்டுப் பொருளாகத் தோன்றவில்லை.

திரும்பும் ரயிலில் உட்கார இடமில்லை. அதற்குமேல் புதன்கிழமையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வியாழன், பாரிஸ்

அவென்யூ மோன்தேன். 30ஆம் எண்ணில் டியோர். நடைபாதையில் ஒரு காப்பி குடிப்பதற்குள் நாலு பேர் என் காட்டன் புடவையைத் திரும்பிப் பார்த்தார்கள். அதே வீதியில் 15ஆம் எண் ஷான்ஸெலிஸே தியேட்டர், 1913இல் திறந்தது. முகப்பில் பூர்தெல் செதுக்கிய நடனச் சிற்பம் ஒன்று இருக்கிறது. அதில் ஆடுவது நிஜின்ஸ்கியும் இஸடோரா டங்கனும்.

இந்த நிஜின்ஸ்கி தியாகிலெவிடம் முழுநேரமாக வந்து சேர்ந்ததே ஓர் உடைத் தகராறால்தான். 1911 ஜனவரியில் பீட்டர்ஸ்பர்க் அரசவைத் தியேட்டரில் ஜிஸெல் ஆடும்போது, இறுக்கமான காலுறைக்கு மேல் வழக்கமாகப் போடும் குட்டைக் கால்சட்டை இல்லாமல் மேடையேறிவிட்டார். அரச குடும்பத்தார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை போயிற்று. ஒரு முழம் துணி குறைந்ததில் பாரிஸுக்கு லாபம்.

1913 மே மாதம் இந்த மேடைக்கு விசேஷமான மாதம். 29ஆம் தேதி ஸ்ட்ராவின்ஸ்கியின் வசந்தச் சடங்கு, கூச்சல், ரகளை, அதை எல்லோரும் எழுதியாயிற்று. நான் சொல்ல வந்தது அதற்கு இரண்டு வாரம் முன்னால், 15ஆம் தேதி ஆடிய ழூ என்ற பாலே. டெபுஸ்ஸி இசை, நிஜின்ஸ்கி நடனம், டென்னிஸ் விளையாடப் போன ஒரு பையனும் இரண்டு பெண்களும், அவ்வளவுதான் கதை. பெண்களின் டென்னிஸ் உடையைத் தைத்துக் கொடுத்தது திங்கட்கிழமை சொன்னேனே, அந்தப் பாக்கான் நிறுவனம். ராஜகுமாரியும் இல்லை, பறவையும் இல்லை. அன்றைக்குத் தெருவில் போகிற பெண்கள் போட்ட உடை பாலே மேடைக்கு வந்துவிட்டது.

பதினொரு வருஷம் கழித்து, 1924 ஜூன் 20, அதே மேடையில் மறுபடியும் டென்னிஸ். இந்த முறை ஷனெல். நடனத்தின் பெயர் நீல ரயில். பாரிஸ் பணக்காரர்களைத் தென்கடற்கரைக்குக் கொண்டுபோன சொகுசு ரயிலின் செல்லப்பெயர் அது. மேடையில் ரயிலே கிடையாது. வந்திறங்கியவர்கள் கடற்கரையில் அடிக்கிற கூத்துதான் உண்டு. கோக்தோ கதை, மியோ இசை, நிஜின்ஸ்கியின் தங்கை நிஜின்ஸ்கா நடனம். ஆன்டன் டாலின் கரணம் போடுகிறார், ஒரு கோல்ஃப்காரர் அப்போதைய வேல்ஸ் இளவரசர் மாதிரி உடுத்தியிருக்கிறார், டென்னிஸ் வீராங்கனையாக நிஜின்ஸ்காவே வருகிறார், அன்றைய டென்னிஸ் நட்சத்திரம் சுஸான் லாங்லெனின் சாயலில் தலையைச் சுற்றிப் பட்டையோடு. நிஜ லாங்லெனுக்குத் தைத்தவர் ஷனெலின் போட்டியாளர் ழான் பத்தூ. போட்டியாளரின் வாடிக்கைக்காரியை மேடையில் தன் துணியில் நிறுத்திக் காட்டியிருக்கிறார் ஷனெல், கெட்டிக்காரி.

அவர் மேடைக்கென்று எதையும் சோடிக்கவில்லை. கடையில் விற்கிற மாதிரியே கையால் பின்னிய கம்பளி நீச்சலுடை, ஸ்வெட்டர், ரப்பர் செருப்பு. ஆடியவர்கள் பாடு திண்டாட்டம். லிடியா சொகொலோவா பெர்லூஸ் என்ற பாத்திரத்தில் வெளிர் சிவப்பு நீச்சலுடை போட்டார். தூக்கிப் பிடிக்க வேண்டிய வொய்ஸிகோவ்ஸ்கிக்கு அந்தத் தொளதொளப்பில் பிடி கிடைக்கவில்லை. காதில் பெரிய முத்துத் தோடு, பீங்கானுக்கு மேல் மெழுகு பூசியது. அது காதை அடைத்து இசையே சரியாகக் கேட்கவில்லையாம். ஆனால் அந்தத் தோடு ஊரெல்லாம் பரவிவிட்டது. டாலின் குழுவை விட்டுப் போனதும் கரணம் போட ஆளில்லாமல் நடனம் நின்றுபோனது, தோடு நிற்கவில்லை.

ராத்திரி லா ஷப்பேலில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் கடையில் கொத்து ரொட்டி. பக்கத்திலேயே கார் து நோர் நிலையம். காலையில் லண்டன் ரயில்.

சனி, லண்டன்

வெள்ளிக்கிழமை பயணத்திலும் தூக்கத்திலும் போய்விட்டது. இன்று ஸ்ட்ராட்ஃபர்டில், 2012 ஒலிம்பிக் பூங்காவில் இருக்கும் வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கிடங்கைப் பொதுமக்களுக்கு 2025 மே மாதம் திறந்துவிட்டார்கள். இரண்டரை லட்சம் பொருள்கள், அலமாரி அலமாரியாக, நடுவே நாம் நடக்கலாம். ஆக்ரா கோட்டையிலிருந்து வந்த பளிங்குத் தூண்கள் ஒரு பக்கம் நிற்கின்றன. எப்படி வந்தன என்று கேட்டால் பேச்சு நீளும், இன்றைக்கு அதற்கு நேரமில்லை.

நீல ரயிலின் முன்திரை இங்கே தொங்குகிறது. கடற்கரையில் இரண்டு பெண்கள் கைகோத்து ஓடுகிறார்கள், காற்றில் உடை நழுவி, பெரிய பெரிய கைகால்களோடு. பத்து மீட்டருக்கு மேல் உயரம். இதைப் பிகாஸோ தீட்டவில்லை. அவர் வரைந்தது முழ அகலம்கூட இல்லாத சின்னப் படம். அலெக்சாந்தர் ஷெர்வஷிட்ஸே என்ற மேடை ஓவியர்தான் இவ்வளவு பெரிதாக்கினார். வேலையைப் பார்த்து அசந்துபோன பிகாஸோ, தியாகிலெவுக்கு என்று எழுதித் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஷெர்வஷிட்ஸேயின் கையெழுத்து எங்கே என்று தேடுகிற புத்தி எனக்கு. தையற்காரிக்கு அப்படித்தான் தோன்றும்.

தியாகிலெவ் செத்தபின் இந்தத் துணிமணிகள் கைமாறிக் கைமாறி, பாரிஸ் அருகே மோன்ருஷில் ஒரு கிடங்கில் கிடந்தன. 1968இல் லண்டனில் ஏலம் விட்டபோது இளம் நடனக்காரர்களுக்குப் போட்டுவிட்டு மேடையில் நடக்கவிட்டார்கள். பழைய உடைகள் கடைசியில் ஃபேஷன் ஷோவுக்கே வந்து சேர்ந்தன. பெரும்பகுதி இந்த அருங்காட்சியகத்துக்கும், சில வருஷத்தில் ஆஸ்திரேலியாவில் கான்பெராவுக்கும் போனது. 1976இல் ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் பாலே ரூஸ் என்றே பெயர் வைத்து ஒரு தொகுப்புப் போட்டார். ஜரிகை, வெல்வெட், விவசாயப் பெண்ணின் அகலப் பாவாடை. எண்பதுகளில் நம்மூர் மணப்பெண் லெஹங்காவில்கூட அதன் நிழல் விழுந்திருக்கும் என்பது என் ஊகம்.

இங்கே ஒரு நல்ல வசதி உண்டு. கிடங்கில் எந்தப் பொருளை வேண்டுமானாலும் முன்கூட்டியே கேட்டு வைத்தால், எடுத்துவந்து மேஜைமேல் வைத்துக் காட்டுகிறார்கள். நான் ஊரிலிருந்தே கேட்டுவைத்தது வசந்தச் சடங்கின் ஓர் உடை. வடிவமைத்தவர் நிகோலாய் ரோரிக். பின்னாளில் இமாலயத்தில் குலு பள்ளத்தாக்கில் குடியேறி, 1947இல் அங்கேயே காலமானாரே, அவர்தான். கையுறை போட்ட ஒரு பெண் பெட்டியைத் திறந்தார்.

வெளிர் நிறக் கம்பளித் துணி, ஃபிளானல். நேராக இறங்குகிற நீண்ட அங்கி, கையை நீட்டி வைத்தால் ஒரு சிலுவை. வெட்டு என்று சொல்ல ஒன்றுமில்லை. மார்பிலும் கையிலும் கீழ் ஓரத்திலும் வட்டம், கட்டம், அலை. சிவப்பு, நீலம், மஞ்சள். படத்தில் பார்த்து இத்தனை நாளும் எம்பிராய்டரி என்று சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். கிட்டே குனிந்தால் ஒரு நூல் கிடையாது. அச்சுத் தகடு வைத்துச் சாயம் தடவியிருக்கிறார்கள். தகடு நகர்ந்த இடத்தில் கட்டத்தின் ஓரம் இரட்டையாக விழுந்திருக்கிறது, ஓரிடத்தில் சிவப்பு கம்பளி இழைவழியாக ஊறிப்போயிருக்கிறது. உள்பக்கம் பெரிய பெரிய ஓட்டுத்தையல். என் கடையில் ஒரு பெண் இப்படித் தைத்தால் பிரிக்கச் சொல்லியிருப்பேன்.

ஆனால் நாலு அடி பின்னால் போய் நின்றேன். பத்து அடி போனேன். ஓரம் நேராகிவிட்டது, சாயம் நூல்வேலை ஆகிவிட்டது. வேகமாக, மலிவாக, பத்தாவது வரிசைக்கு ஏற்றபடி செய்த வேலை. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன சீமாட்டிக்கு, கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தாலும் அழகாக இருக்க வேண்டும். அதனால்தான் கார்த்தியேவுக்கு மரகதம் தேவைப்பட்டது, புவாரேவுக்குப் பட்டு தேவைப்பட்டது. ஷனெல் போனது எதிர்ப்பக்கம். கைக்கெட்டும் தூரத்துக்காகப் பின்னிய கம்பளியைக் கொண்டுபோய் மேடையில் நிறுத்தினார், ஆடினவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

கம்பளி என்பதால் இன்னொன்றும் கேட்டேன்: துவைப்பது எப்படி? சாயம் பூசிய துணியைத் துவைக்க முடியாது என்றார் அந்தப் பெண். மே மாதப் பாரிஸில், விளக்குச் சூட்டில், ஃபிளானல் போட்டுக் குதித்திருக்கிறார்கள். அக்குள் பக்கம் திருப்பிக் காட்டச் சொன்னேன். பழுப்பாக வளையம் வளையமாக நூறு வருஷத்து வியர்வை. அதை அவர்கள் சுத்தம் செய்யவே மாட்டார்களாம், அதுவும் ஆவணம்தானாம். ஜூலை மாத அரங்கேற்றத்துக்குப் பட்டு தைத்துக் கொடுத்துவிட்டு, மறுநாளே "அக்கா, கறை போகுமா?" என்று போன் வாங்குகிற எனக்கு இது பெரிய ஆறுதல்.

போகிறவர்களுக்கு இரண்டு தகவல். நுழைவுக் கட்டணம் கிடையாது. பொருள் பார்ப்பதற்கும் காசில்லை, ஆனால் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் பதிவு செய்ய வேண்டும், ஒரு தடவைக்கு ஐந்து பொருள் வரை கேட்கலாம். வியாழனும் சனியும் இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது. உடை கேட்டால், உள்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள்.